நாலாவது வளையம்

கிரானைட் லாரிக்கு டயர் ஏற்றிப் பழகிய கைக்கு
அந்தச் சக்கரமெல்லாம் அப்பளம்.

தை மாதம், காலை ஏழு மணி.
அவதானப்பட்டி தாண்டி என் ஷெட்டுக்கு முன்னால்
தரையோடு தரையாய் வந்து நின்றது
பெங்களூர் நம்பர் வண்டி.
பின்னாலேயே ஒரு குட்டியானை,
அதில் பாலிதீன் சுற்றிய நான்கு சக்கரங்கள்.

நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற ரப்பர்.
கட்டைக்குக் கட்டை நூல் கனத்தில்
நெளிந்து நெளிந்து போகும் கீறல்.
ஓரத்தில் சின்ன முத்திரை:
மூன்று கொடுமுடி, நடுவில் ஆறு இதழ்.
"எந்தக் கம்பெனிண்ணா?" என்றான் சாபீர்.
"கம்பெனி இல்ல தம்பி, பனி" என்றார் அந்தம்மா.

பனியா?
எங்கள் பனி மாம்பூவைக் கருக்கும்.
மருந்தடிப்பார்கள், புகை போடுவார்கள்.
அதற்கு டயர் மாட்டி நான் பார்த்ததில்லை.

"நம்ம வெயிலுக்கு அழிரப்பர் மாதிரி உதிரும்மா இது."
"தெரியும். இங்கே மாட்டிப் பார்த்தால் போதும்.
அங்கே போய் மாட்டிக்கொள்வேன்."
அங்கே என்றால் ஸ்ரீநகர்.
"இதே ரோடுதானே?" என்று கையைக் காட்டினார்.
பதினாறு வருடமாய் இதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்,
நாக்பூருக்கு அப்பால் இதற்குத் தலை உண்டென்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

ஜாக்கி அடியில் நுழையவில்லை.
பலகை போட்டு ஏற்றி, பிறகு தூக்கினோம்.
பெரிய சக்கரத்துக்கென்று செய்த பிரேக்கு அது,
உள்ளங்கை நிறைய சிவப்புக் காலிப்பர்.
குளிர்காலச் சக்கரம் ஒரு சுற்றுச் சின்னது.
உரசுமா உரசாதா,
அந்தம்மா கேட்க வந்தது அவ்வளவுதான்.
இடுக்கில் ஒரு தீக்குச்சியைப் பிடித்தேன்.
சாபீர் மெல்லச் சுற்றினான்.
குச்சி ஒடியவில்லை.
மருந்துகூட உதிரவில்லை.

சக்கரத்தின் தொப்புள் பெரிது, வண்டியின் குமிழ் சிறிது.
நடுவில் உட்கார அலுமினிய வளையம்,
ஒன்றுக்கு ஒன்றாய் நான்கு.
அது இல்லாமலும் சக்கரம் நிற்கும்,
ஆனால் நூறைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும்.
போல்ட்டை டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கினேன்.
'டக்' என்றால் நிறுத்திவிட வேண்டும்.
அதற்கு மேல் முடுக்குவது பலமில்லை, பயம்.
"மாட்டி அம்பது கிலோமீட்டர் போனதும்
இன்னொரு தரம் முடுக்கணும்மா."
நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லாம் கழற்றி, பழையபடி மாட்டி,
குட்டியானையை அனுப்பிவிட்டார்.
டிக்கியில் ஒன்று, பின்சீட்டில் இரண்டு.
நாலாவது, முன்சீட்டில்.
ஆள் ஏறிவிட்டது, பெல்ட் போடவில்லை என்று
வண்டி விடாமல் கத்தியது.
டயருக்குப் பெல்ட் போட்டுவிட்டார்.
"தனியாவா போறீங்க?" என்று கேட்க வந்தவன்
கேட்கவில்லை.

பத்தரைக்கு டீ கிளாசைத் தூக்கினேன்,
அடியில் வளையம்.
சாபீர் என்னைப் பார்த்தான். நான் சாபீரை.
போன் போட்டபோது சிக்பல்லாப்பூர் தாண்டியிருந்தார்.
"திரும்பி வரட்டுமா?"
"வேண்டாம்மா, வழியில எங்கயாவது நில்லுங்க.
திம்மராயன் வண்டி இப்ப கிளம்புது."

திம்மராயன் வண்டி, டிரம் டிரம்மாய் மாங்கூழ்,
நாக்பூர் லோடு, அறுபதைக் கண்ணால் பார்த்ததில்லை.
டேஷ்போர்டில் வைத்தால் தொலையும் என்று
வளையத்தைக் கையில் போட்டுக்கொண்டான்.

நானூறு குதிரை பூட்டிய வண்டி
கர்னூலுக்கு வெளியே ஒரு தாபாவில்
மாங்கூழ் லாரிக்காகக் காத்துக் கிடந்தது.

ராத்திரி ஒரு மணிக்கு போன்.
"கொடுத்துட்டியா?"
"இருண்ணா, கழற்ற வரல.
மணிக்கட்டைத் தாண்ட மாட்டேங்குது.
அந்தம்மா சோப்பு வாங்கப் போயிருக்கு."

அப்படித்தான், தடவி, பொறுமையாய், ஒரு பக்கமாய்ச் சாய்த்து
என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்,
டயர் கழற்றச் சொல்லித் தருகிற அதே குரலில்.
அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.
பிறகு சிமெண்டுத் தரையில்
ஒரு சின்ன 'கிணிங்'.